காற்றுக்கு மாறாக ஆடிய வேளாண்மை

றாஸிக்: கையக் கழுவிட்டு வாங்க சாலிஹ் காக்கா! கீபோட்டுல போன கிழமை அப்பின சேறே இன்னும் போகல்ல.

சாலிஹ்: கழுவிட்டுத்தான் வந்த. இது சேறில்ல தம்பி, என்ட தோல்.

குணம்: அவன்ட தோலுக்கும் சேத்துக்கும் இப்ப வித்தியாசம் கிடையா. குதிக்காலப் பாத்தியா? வெடிச்ச வெடிப்புக்குள்ள ரெண்டு நெல்லுப் போட்டா மொளைக்கும்.

சாலிஹ்: மொளைக்கும். தனிய நிண்டு காணி வெட்டுறவன்ட கால் அப்பிடித்தான் இரிக்கிம். தனிய வெட்ட உட்டது ஆரு?

குணம்: பாத்தியா றாஸிக்... நான் இன்னும் கதிரையில குந்தவும் இல்ல. தொடங்கிட்டான்.

றாஸிக்: சண்டையப் புறகு பிடிங்க. ரெண்டு பேரும் இஞ்ச பாருங்க. கொழும்புல இருந்து சாமான் வந்திட்டு. ரெண்டு மெசினுக்கும் காலத்தாலயே பூட்டினன்.

சாலிஹ்: என்ன சாமான்?

றாஸிக்: கிராபிக்ஸ் காட். இவ்வளவு நாளும் நீங்க இந்தக் கேமுக்குள்ள பாத்தது மரமில்ல காக்கா. மட்டையில கீறி நட்டு வெச்ச படம். உங்கட ஆள் எலைக்குள்ளால ஜின் மாதிரிப் போவான், எல அசையாது. இப்ப நடந்து பாருங்க.

சாலிஹ்: எங்கால?

றாஸிக்: அந்தா, அந்தச் சேம்பங் காட்டுக்குள்ளால. மெதுவா.

சாலிஹ்: ...இஞ்சப் பார்ரா. வெலகுது.

றாஸிக்: தோள் பட்டா வெலகும். வெலகின எல திரும்பி வந்து ஆடும். ஒவ்வொரு ஓலைக்கும் பாரம் எவ்வளவு, காத்து எந்தப் பக்கத்தால, எவ்வளவு வளையணும்... எல்லாத்தையும் உள்ளுக்குள்ள கணக்குப் பண்ணும். ஃபிசிக்ஸ் எண்டு சொல்லுற.

குணம்: மச்சான், அந்த வாழையப் பாரு.

சாலிஹ்: சுடட்டா?

குணம்: வாழையயா? அது உனக்கு என்னடா செஞ்ச?

சாலிஹ்: ஓட்ட விழுகிதா எண்டு பாக்க... அல்லாஹ்! கிழியிது! நரம்பு போற வழிக்கே கிழியிதுடா! நம்மட வயல் வாடிக்குப் பின்னால நிண்ட வாழை மாதிரியே!

குணம்: பொறு, நானும் ஒண்டு சுடுறன்... ஹா! தொங்குது பாரு, தொங்குது!

றாஸிக்: போதும். எல்லா வாழையையும் கிழிச்சிப் போடாதீங்க. கடல் பக்கம் போங்க. தென்ன வரிசையா நிக்கிது. அலையும் புதுசு. நுரை கூட தனித்தனியா—

சாலிஹ்: கடல் வேணா. வேற பக்கம் கிறுகுவம்.

றாஸிக்: ஒருக்காப் பாத்தா—

சாலிஹ்: வேணாண்டா தம்பி. கடல நாங்க பாத்தாச்சி.

றாஸிக்: ...சரி சரி. நானும் அந்தப் பக்கம் போறல்லதான். சுனாமியில பழைய கடைய முழுசா அள்ளிட்டுப் போனது. புதுக் கடைக்குள்ளயும் அதுக்கு எடம் குடுக்கணுமா எண்டு எனக்கும் ஒரு கோவம் இரிக்கி.

குணம்: அப்ப மலைப் பக்கம் விடு.

றாஸிக்: அந்தப் பக்கம்தான் விசேசம். வயல் வரும்.

குணம்: வயலா? இது எந்த ஊர்?

றாஸிக்: சீனாவுக்கு அங்கால ஏதோ ஒரு நாடாம். செஞ்சவன் வெள்ளக்காரன்.

குணம்: வெள்ளக்காரன் எப்படா வேளாண்மை செஞ்ச?

றாஸிக்: பாருங்களன்.

சாலிஹ்: குடலைப் பருவம்.

றாஸிக்: என்ன பருவம்?

சாலிஹ்: கதிர் இன்னும் வயித்துக்குள்ள இரிக்கி தம்பி. தண்டு உருண்டு நிக்கிது பாரு. புள்ளத்தாச்சி மாதிரி.

குணம்: காத்துப் போற வழியப் பாரு மச்சான். அந்தத் தொங்கல்ல தொடங்கி இஞ்ச மட்டும்... ஆரோ கையால தடவிட்டுப் போற மாதிரிக் கிடக்கு.

சாலிஹ்: வாடைக் காத்து. நம்மட வட்டை வயலுலயும் இப்பிடித்தான் அடிக்கிம்.

குணம்: தண்ணி எங்கால வருது? வரம்புல தண்ணி திறக்கிற வக்கடை ஒண்டையும் காணல்ல.

சாலிஹ்: வெள்ளக்காரனுக்கு தண்ணிச் சண்டை தெரியா. அதான் வக்கடைய மறந்திட்டான்.

றாஸிக்: ரெண்டு பேரும் வயல் பாக்க வந்தீங்களா, கேம் விளையாட வந்தீங்களா? பாருங்க, அந்த மூலையால என்ன ஓடுது எண்டு.

குணம்: அட, காட்டுப் பண்டி! பயிரக் கிழிச்சிட்டுப் போகுது பாரு!

றாஸிக்: படுத்து எழும்பினா பயிர் அப்பிடியே சாஞ்சி கிடக்கும் அண்ணன். மறுகா மெல்ல மெல்ல நிமிரும். அவ்வளவு கணக்கு. என்ன சாலிஹ் காக்கா, பண்டி எண்டதும் மூஞ்சி மாறுது? படம்தானே, தீட்டுப் படாது.

சாலிஹ்: ஒண்டுமில்ல. கதைய உடு.

குணம்: அவன் பாவம் தம்பி. பத்தை வெட்டின மூலையில நட்ட மரவள்ளி முழுக்க பண்டி கிண்டிட்டுப் போச்சி.

சாலிஹ்: தனிய ஒருத்தன் எத்தின மூலைக்குக் காவல் நிக்கிற?

குணம்: திரும்பவும் வந்திட்டான்...

சாலிஹ்: வருவன். சொல்லு பாப்பம் றாஸிக், நீ ஒரு ஞாயம் சொல்லு. உம்மாட காணி. சொறிக்கல்முனைக்குப் பின்னால. சண்டைக் காலம் முழுக்க காடு பத்திக் கிடந்த. இப்பதான் சண்டை முடிஞ்சி ஆமிக்காரன் போக உட்டிருக்கான். பத்தை வெட்டி, வேர் கிண்டி, வரம்பு கட்டி... இனி உழுது விதைக்கிறதுதான் மிச்சம். இவன்ட ஊர் அந்த வட்டைக்கு எட்டிப் பாக்கிற தூரம். குமரனா இருந்த காலத்துலயே பக்கத்துக் காணியில நிண்டவன். அந்தத் தண்ணி எங்க நிக்கும், எங்க ஓடும் எண்டு இவனுக்குத்தான் தெரியும். வா, பாதிப் பாதியாச் செய்வம் எண்டு கேட்டா...

றாஸிக்: வெள்ளிக்கிழமை கட்டாருக்கு ஏறுறார்.

சாலிஹ்: வெள்ளிக்கிழமை கட்டாருக்கு ஏறுறார்! அங்க என்ன வேலை? கேளு.

குணம்: கட்டிட வேலை.

சாலிஹ்: மரம் இரிக்கா அங்க? எல இரிக்கா? ஒரு வரம்பு இரிக்கா?

குணம்: இல்ல. வெயில் கிடக்கு, நல்லாக் கிடக்கு. நான் என்ன செய்ய? அத்தான் அங்க இருந்து ஆயிரம் பேருக்குச் சொல்லி விசா எடுத்தவர். ஓம் எண்டு வாக்குக் குடுத்திட்டன். அக்காட புரிசன்ட மூஞ்சியில அடிச்ச மாதிரி இப்ப ஏலா எண்டு சொல்லலாமா?

சாலிஹ்: உன்ட பொஞ்சாதி செல்லத்தங்கம் என்ன சொல்லுறா?

குணம்: அவ ஒண்டும் சொல்லல்ல. பேக்க அடுக்கி வெக்கிறா. மறுநாள் திறந்து பாத்தா உடுப்பெல்லாம் திரும்பவும் கொடியில தொங்குது. தோய்க்க வேணுமாம். மூண்டு தரம் தோய்ச்சிட்டா.

றாஸிக்: ஹா ஹா! அப்ப அவவும் சாலிஹ் காக்காட கட்சி.

குணம்: சிரி, சிரி... சரி மச்சான். ஒண்டு செய்வம்.

சாலிஹ்: என்ன?

குணம்: ஒரு ஆட்டம் போடுவம். இந்த வயலுக்குள்ள. நீ வெண்டா நான் ஊர்லயே நிக்கன். பெரும்போகம் ரெண்டு பேரும் சேந்து விதைப்பம். நான் வெண்டா போறன். நீ அதுக்குப் புறகு ஒரு சொல்லுச் சொல்லப்படா.

சாலிஹ்: விசர்க் கதை கதைக்காத.

குணம்: சத்தியமா.

சாலிஹ்: சூது ஹறாம்டா.

குணம்: காசு வெக்கல்லையே. என்னையேதான் வெக்கன்.

றாஸிக்: குணம் அண்ணன், பயணத்தப் போய்க் கேம்ல வெக்கிறயா? அத்தான்ட்ட என்ன சொல்லுவீங்க?

குணம்: வாக்கு வாக்குதான் எண்டு சொல்லுவன். ஒரு வாக்க சும்மா மீற ஏலா. இன்னொரு வாக்கு வந்து குறுக்க நிண்டா மீறலாம். அத்தானும் கிளித்தட்டு ஆடி வளந்த ஆள்தான். தோத்தவன் தோத்ததுதான் எண்டு விளங்குவார்.

சாலிஹ்: ...உண்மையாத்தான் சொல்லுறியா?

குணம்: ஓம்.

சாலிஹ்: அப்ப சரி. பிஸ்மில்லாஹ்.

றாஸிக்: பொறுங்க பொறுங்க! முதல்ல ஒரு வெள்ளோட்டம். புது கிராபிக்ஸ் காட்டோட நீங்க ரெண்டு பேரும் வயலுக்குள்ள நடந்ததே இல்ல. இது கணக்குல இல்ல, பழகத்தான். நடுவுல பலகை இரிக்கி, ஆருக்கும் மத்தவர்ர படம் தெரியா. நான் இஞ்ச நடுவுல நிக்கன். ரெண்டு பக்கமும் பாப்பன், ஆனா சொல்லமாட்டன். ம்... தொடங்குங்க.

குணம்: நான் வரம்பால வாறன்.

சாலிஹ்: நானும்.

றாஸிக்: சொல்லாதீங்க! எதிரிக்கிட்ட வாற வழியச் சொல்லுற சண்டைக்காரன நான் இண்டைக்குத்தான் பாக்கன்.

குணம்: இந்த மூலையால திரும்புவம்...

சாலிஹ்: அந்தா நிக்கான்!

குணம்: அடிச்சிட்டன்!

சாலிஹ்: நானும் அடிச்சிட்டன்!

றாஸிக்: ரெண்டு பேரும் மௌத்து. நேருக்கு நேர் சலாம் சொல்லிட்டு மௌத்து. யா அல்லாஹ்... இந்தக் கடைக்கு வாற பள்ளிக்கூடப் பொடியன்மாரப் பாருங்க. பயிருக்குள்ள எறங்கி, குப்புறப் படுத்து, ஒளிச்சிருந்து அடிப்பானுகள். நீங்க ரெண்டு பேரும் வரம்பால, கலியாணத்துக்குப் போற மாதிரி.

சாலிஹ்: குடலை வேளாண்மைய மிதிக்கவாடா சொல்லுற?

றாஸிக்: அது படம் காக்கா!

சாலிஹ்: படமெண்டா? நீதானே இப்ப சொன்ன, மிதிச்சாச் சாயும் எண்டு? சாயிற ஒண்ட எப்பிடி மிதிக்கிற? முந்தி மட்டையா இருக்கக்குள்ள சொல்லியிருந்தா மிதிச்சிருப்பன்.

குணம்: எனக்கும் கால் எறங்குதில்ல தம்பி. கீய அமத்தப் போக, விரல் தானா வரம்புக்கு வருது.

றாஸிக்: உங்களுக்காக ஒருத்தன் ராப்பகலா கண் முழிச்சி இந்தப் பயிர செஞ்சான். நீங்க என்னண்டா அதுக்கு எரு போடுவீங்க போலிரிக்கி. இப்ப உண்மை ஆட்டம். ஒருத்தர் ஒளிக்கணும், மத்தவர் தேடணும். ஆர் ஒளிக்கிற?

குணம்: நான்.

றாஸிக்: சரி. சாலிஹ் காக்கா தேடுறார். கண்டு பிடிச்சிச் சுட்டா காக்கா வெற்றி. எது மட்டும் தேடுற?

சாலிஹ்: பொழுதுபட மஃறிபுக்குப் பாங்கு சொல்லுற மட்டும். அதுக்குப் புறகு நான் எழும்பிப் போயிருவன்.

றாஸிக்: பாங்கு சொல்லுற மட்டும் ஆள் பிடிபடாட்டி குணம் அண்ணன் வெற்றி. கட்டார். சரியா? காக்கா, கண்ண மூடுங்க... அண்ணன், போங்க. ஒளிங்க... ம்ம்... ஆ? அண்ணன், அங்கயா?

குணம்: நடுவர் கதைக்கப்படா.

றாஸிக்: சரி, சரி. காக்கா, கண்ணத் திறங்க.

சாலிஹ்: வரம்புல ஆளக் காணல்ல... வாடிக்குள்ள... இல்ல. வாழைக்குப் பின்னால... இல்ல. மரத்துல ஏறிட்டானா?

குணம்: தேடு, தேடு. வெள்ளிக்கிழம மட்டும் தேடு.

சாலிஹ்: பொறு... இதென்ன?

றாஸிக்: எது?

சாலிஹ்: வரம்ப உட்டு எறங்கின தடம். பயிர் சாஞ்சி கிடக்கு. குணம்... நீ வேளாண்மைக்குள்ள எறங்கிட்டியா?

குணம்: தேடுறவன் கேள்வி கேக்கப்படா.

சாலிஹ்: குடலைக்குள்ள எறங்கிட்டான்... அப்ப போறதெண்டே முடிவு. எனக்கு விளங்கிட்டு.

குணம்: உனக்கு என்ன விளங்கின? தேடுடா.

சாலிஹ்: தடம் நிமிருது... பாத்துக்கிட்டு இருக்கவே நிமிருது. ஓர் ஓலை, ஓர் ஓலையா... அவன் போன வழியையும் மூடிட்டு. எவ்வளவு அழகாச் செஞ்சிருக்கான் வெள்ளக்காரன்.

றாஸிக்: ரசிக்கிற நேரமா காக்கா இது? எறங்குங்க! உள்ளுக்கு எறங்கித் தேடுங்க!

சாலிஹ்: நான் மிதிக்கமாட்டன். வரம்புல நிண்டே பாக்கன்.

குணம்: நில்லு. உனக்கு வரம்பு, எனக்குக் கட்டார்.

றாஸிக்: அண்ணன், அதென்ன நீங்க அந்தக் கீய விடாம—

குணம்: நடுவர்!

றாஸிக்: நான் ஒண்டும் சொல்லல்ல. ஆனா இப்பிடிச் செஞ்சா—

குணம்: வாய மூடு றாஸிக்! உன்ட வேல பாக்கிறது. பாரு.

றாஸிக்: ...பாக்கன்.

சாலிஹ்: காத்து வாடை. பயிரெல்லாம் தெக்க சாயிது... தெக்க... தெக்க... ம்.

றாஸிக்: என்ன ம்?

சாலிஹ்: ஒண்டுமில்ல.

குணம்: என்ன மச்சான், கண் தெரியல்லையா? வயசு போனா அப்பிடித்தான். கட்டார்ல இருந்து வரக்குள்ள ஒரு கண்ணாடி வாங்கிட்டு வாறன். இருக்கிறியா, தொழப் போயிட்டியா?

றாஸிக்: காக்கா... துவக்கு நேராத்தானே நிக்கிது... நான் ஒண்டும் சொல்லல்ல, நான் நடுவர். ஆனா கண்ணுள்ளவனுக்கு... எல்லாம் தெக்க சாயக்குள்ள ஒரு எடம் மட்டும் கிழக்கயும் மேற்கயும் அலைபாயிதெண்டா...

சாலிஹ்: தெரியிது.

றாஸிக்: தெரியிதா? அப்ப அடிங்க! பாங்கு சொல்லப் போறாங்க! ஒரு வெடி காக்கா! ஒரே ஒரு வெடி!

சாலிஹ்: அங்க ஆள் இல்ல.

றாஸிக்: ஆள் இல்லாம? காத்துக்கு மாறா ஆடுதே!

சாலிஹ்: ஆடட்டும். அது பண்டி படுத்த எடம்.

றாஸிக்: பண்டியா? பண்டி நிண்டு ஆடாது காக்கா, ஓடிரும்! நல்லாப் பாருங்க!

சாலிஹ்: நல்லாத்தான் பாத்தன். ராவு பண்டி வந்து படுத்த எடம். நாத்தமடிக்கும், கிட்டப் போகாதீங்க, அங்கால போவம் வாங்க.

றாஸிக்: ஆருக்குச் சொல்லுறீங்க? என்ன கதை இது?

சாலிஹ்: அப்பிடித்தானே சொன்ன, குணம்? சொல்லுக்குச் சொல்லுச் சரியா?

றாஸிக்: பாங்கு... பாங்கு சொல்லுது காக்கா. முடிஞ்சி. ஆட்டம் முடிஞ்சி.

குணம்: ...சாலிஹ். உனக்கு எப்பயிருந்து தெரியும்?

சாலிஹ்: அண்டையிலயிருந்து. குப்புறக் கிடந்தவனுக்குக் கண்ணுதான் மண்ணுக்குள்ள. காது மேலதானே இருந்த? உன்ட குரல் எனக்குத் தெரியாதா? எத்தின நாள் அந்த வக்கடையில நிண்டு என்னத் திட்டின குரல்.

றாஸிக்: ஆராவது எனக்கும் சொல்லுங்களன்! என்ன நடந்த?

சாலிஹ்: நீ அப்ப சின்னப் புள்ள தம்பி. அந்தக் கெட்ட வருசம். நம்மட முஸ்லிம் ஆக்கள அவங்களும், அவங்கட தமிழ் ஆக்கள நம்மட பக்கத்தானும் தேடித் திரிஞ்ச காலம். நான் மாடு தேடி வட்டைக்குள்ள போன நேரம் துவக்குக்காரர் வந்திட்டாங்க. ஓட நேரமில்ல. குடலை வேளாண்மை... வாழ்க்கையில அண்டைக்கு ஒருக்காத்தான் மிதிச்சன். உள்ளுக்குப் போய் படுத்திட்டன். வரம்பு காட்ட ஒருத்தன முன்னுக்கு உட்டுக் கூட்டிட்டு வந்தாங்க.

குணம்: அந்த ஒருத்தன் நான்தான்.

சாலிஹ்: மூச்சு உட்டா ஓலை ஆடும் எண்டு மூச்சையும் அமத்திட்டுக் கிடக்கன். நேரா எனக்கு முன்னால வரம்புல காலடி நிண்டிச்சி. ஒருத்தன் கேட்டான், அங்க என்ன பயிர் சாஞ்சி கிடக்கு எண்டு. இவன் சொன்னான்... பண்டி படுத்த எடம் எண்டு. நாத்தமடிக்கும் எண்டும் சேத்துச் சொன்னான்.

றாஸிக்: அல்லாஹ்வே...

சாலிஹ்: ஒரு சோனகனப் பண்டி எண்டு சொல்லி ஒருத்தன் காப்பாத்தின கதை உலகத்துல வேற எங்கயும் இரிக்கா தம்பி?

றாஸிக்: அண்ணன், உங்களுக்குத் தெரியுமா அங்க கிடந்தது இவர்தான் எண்டு?

குணம்: குதிக்கால் தெரிஞ்சிது.

றாஸிக்: குதிக்காலா?

குணம்: பயிருக்கு வெளிய நீட்டிட்டுக் கிடக்கு. அப்பயே அப்பிடி வெடிச்ச குதிக்கால். இந்த வட்டையில வேற ஆருக்குக் கிடக்கு அப்பிடி ஒண்டு? மத்தவங்க பாக்கக் கூடாதெண்டு முன்னுக்கு நிண்டு மறைச்சிக்கிட்டுக் கதைச்சன்.

றாஸிக்: அப்ப இவ்வளவு வருசமும்... ரெண்டு பேரும் தெரிஞ்சிக்கிட்டு, ஒருத்தருக்கொருத்தர் சொல்லவே இல்லையா?

குணம்: எப்பிடிச் சொல்லுற தம்பி? அவங்களோட நடந்து வந்தவன் நான். அதையும் சேத்துத்தானே சொல்ல வேணும்?

சாலிஹ்: முதுகுல துவக்கு இருந்தா நடக்காம? நான் எண்டாலும் நடந்திருப்பன். விசரன்.

குணம்: நீ ஏன்டா சொல்லல்ல? நீ சொல்லியிருக்கலாமே.

சாலிஹ்: சொன்னா நன்றி எண்டு ஒண்டு நடுவுல வந்து குந்திரும். நன்றி வந்தா, மறுகா வக்கடையில தண்ணிக்கு உன்னோட மனசு வெச்சிச் சண்டை பிடிக்க ஏலுமா? எனக்கு அது வேணும்.

குணம்: ...அதுவும் சரிதான்.

றாஸிக்: எல்லாம் சரி காக்கா. ஆனா இது கேம்! சுட்டா அண்ணன் சாகப் போறாரா? சுட்டிருந்தா இவர் நிண்டிருப்பார். உங்கட காணி, உங்கட போகம், எல்லாம் ஒரு விரலுல இருந்த. ஏன் சுடல்ல?

சாலிஹ்: மட்டையா இருந்திருந்தா சுட்டிருப்பன். நீதானே கொழும்புச் சாமானப் பூட்டி அத வேளாண்மையாக்கி வெச்ச. அதுக்குள்ள குப்புறக் கிடக்கிறவன எனக்குச் சுட வராது தம்பி. கை எழும்பல்ல... சரி. பாங்கு சொல்லி முடிஞ்சி. நீ வெண்டுட்ட மச்சான். வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு நான் வாறன். பேக்க நான் தூக்குறன். சொன்ன மாதிரி ஒரு சொல்லுச் சொல்லமாட்டன். காணிய மெல்ல மெல்லச் செஞ்சிக்கிறன். தொழுதிட்டு வாறன்.

றாஸிக்: அண்ணன்... நீங்க என்ன சிரிக்கிறீங்க? இவர் இப்பிடிச் சொல்லிட்டுப் போறார், நீங்க... கண்ணும் கலங்கிக் கிடக்கு, வாயும் சிரிக்கிது?

குணம்: சிரிக்காம என்ன செய்ய? டேய் சாலிஹ், நில்லு! எருமை! வாடைக் காத்துக்குக் குறுக்க நான் கிழக்கயும் மேற்கயும் பெரண்டு பெரண்டு, இந்தா பாரு, விரலெல்லாம் வீங்கிக் கிடக்கு. நீ கண்டுபிடிச்சிச் சுடுவாய், நான் தோத்துப் போவன், அத்தான்ட்ட சொல்ல எனக்கொரு சாட்டுக் கிடைக்கும் எண்டுதானேடா அந்த வேளாண்மைய அந்த ஆட்டு ஆட்டினன்! போ... தொழுதிட்டுக் கெதியா வா. இன்னொரு ஆட்டம் கிடக்கு. நான் வரம்புலயே நிக்கன், நீ கண்ண மூடிக்கிட்டாவது சுடு.